ரூஜ் ஆற்றோரம் இறங்கி உருட்டினோம்

இன்று காலை, கனடாவில் மார்க்கம் நகருக்குக் கிழக்கே, ரூஜ் ஆற்றோரச் சாலையில் நானும் நண்பர் சிவமும் சைக்கிள் ஓடினோம். இரு பக்கமும் சோளவயல். வேறு ஒருவரும் இல்லை.

பின்னால் ஒரு பொலிஸ் கார் மெதுவாக வந்தது. முந்திச் செல்லவில்லை.

"அண்ணை, இறங்குங்கோ!"

சொல்லும்போதே சிவம் இறங்கித் தொப்பியைக் கழற்றியிருந்தார். யாழ்ப்பாணத்தில் இராணுவச் சென்றிக் காவலரணைக் கண்டால் இறங்கி உருட்டுவோமே, அப்படியே இருவரும் உருட்டினோம்.

கார் நின்றது.

"ஐடென்ரி காட் கொண்டுவரேல்லை, அண்ணை." சிவம் சட்டைப் பையைத் தடவினார். அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை.

ரயர் காற்றுப் போய்விட்டதா என்று பொலிஸ்காரர் கேட்டார். ஆம் என்றேன். நான்கு ரயரும் கல்லுப்போல இருந்தன.

"அப்படியானால் இருவரும் ஏறுங்கள், வீட்டில் விடுகிறேன்," என்றார்.

சிவம் என் கையை இறுக்கிப் பிடித்தார். ஊரில் அவருடைய தம்பியையும் வீட்டில் விடுவதாகச் சொல்லித்தான் இராணுவத்தினர் ஏற்றினார்கள்.

நன்றி சொல்லி மறுத்தோம். அவர் கையசைத்துவிட்டுப் போனார். கார் மறைந்த பிறகும் ஏற்றம் முழுவதும் உருட்டிக்கொண்டே நடந்தோம்.

பொலிஸைக் கண்டும் சைக்கிளை விட்டு இறங்காதவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள். அது எப்படி முடிகிறது என்று சிவம் கேட்கிறார். நானுந்தான்.