தறிச் சத்தத்தைப் பாடமாக்கிய கோமதி டீச்சர்

அன்றைக்கு ஏழாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள்: தலைமையாசிரியர் ராஜமாணிக்கம் சார், கணக்கு எடுக்கும் சாந்தி டீச்சர், அறிவியல் எடுக்கும் பிரபு சார், பள்ளி மேலாண்மைக் குழுவில் பெயர் இருப்பதால் நான். என்னை வண்டியில் கொண்டுவந்து விட்ட என் மகன் செந்தில்குமார் உள்ளே வராமல் வாசலில் நின்றிருந்தான். அவனையும் இருந்தவர்களில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோமதி டீச்சர் வந்ததும் அடுத்த பாடத்தைப் பற்றிப் பேசுவதாக இருந்தோம். சாயத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்பது அந்தப் பாடம். பிரபு சாருக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு, "கோமதி மேடம் சங்ககிரி வீட்ல கிளம்பிட்டு இருந்தவங்க அப்படியே விழுந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரி போற வழியிலயே முடிஞ்சு போச்சாம்" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சர் நினைவாகப் போடும் இந்த மலரில் என்னையும் எழுதச் சொன்னவர் பிரபு சார்தான். படிக்கப்போகும் நீங்கள் எல்லோரும் டீச்சர்கள். நான் நாலாவதோடு நின்றவள். பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிய தறிப்பட்டறையில், துணியில் குறுக்கே ஓடும் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றுவது என் வேலை. எனக்கு மறதி கிடையாது. யார் எந்த வார்த்தை சொன்னார்கள், எந்த முகத்தோடு சொன்னார்கள் என்பதெல்லாம் அப்படியே கிடக்கிறது. அதைச் சுமப்பதுதான் இப்போதெல்லாம் அலுப்பாக இருக்கிறது.

பள்ளி பள்ளியாகப் போய் டீச்சர்களோடு உட்கார்ந்து பாடம் அமைக்க உதவுவது கோமதி டீச்சரின் உத்தியோகம். ஊரில் இருக்கும் ஒரு தொந்தரவை எடுத்துக்கொண்டு, அதற்குள்ளேயே கணக்கு, அறிவியல், கைவேலை மூன்றையும் சேர்த்து நடத்தவேண்டும் என்பார். "தெருவோட பிரச்சினையைப் பேசறப்ப தெரு ஆள் ஒருத்தர் இருக்கோணும்" என்று முதல் கூட்டத்திலேயே என்னையும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தலைமையாசிரியர் கண்காட்சிக்கு எரிமலை செய்யலாம் என்றார். சோடா மாவில் எலுமிச்சைச் சாறு ஊற்றினால் பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும் என்றார்.

"இந்த ஊர்ல எரிமலை எங்கீங்க சார் இருக்குது? நீங்க பேசுனதுல பாதி எனக்குக் கேக்கவே இல்லை. அதுதான் இங்க பிரச்சினை" என்றார் கோமதி டீச்சர்.

"தறிச் சத்தமுங்களா மேடம்? அது பழகிடுமுங்க."

"உங்களுக்குப் பழகிருச்சு. பசங்களுக்கு?"

சார் என்னைப் பார்த்தார், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பது போல. அந்தப் பார்வைக்காக அவர் மேல் ரொம்ப நாள் கோபம் வைத்திருந்தேன்.

மறுநாள் டீச்சர் பட்டறைக்கே வந்துவிட்டார். தறி எந்நேரம் நிற்கும், எந்நேரம் ஓடும் என்று கேட்கத்தான். அந்தச் சத்தத்தில் அவர் தொண்டை கிழியக் கத்தினார். நான் கையைக் காட்டியும் வாயை அசைத்தும் பதில் சொன்னேன். வெளியே வந்ததும், "அக்கா, நான் கேட்டது உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?" என்றார்.

"கேக்கலீங்க டீச்சர். வாயப் பாத்தேன். எங்க தெருவுல காது இருக்கறது கம்மல் போடறதுக்குத்தானுங்க."

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "பசங்களும் இப்படித்தான் வாயப் பாப்பாங்களா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி அன்றைக்குப் புரியவில்லை.

பாடம் அமைக்க உட்கார்ந்தபோது சாந்தி டீச்சர் இழுத்தடித்தார். "சிலபஸை யாருங்க மேடம் முடிக்கிறது? நான் என் பீரியட்ல சராசரி நடத்திக்கறேன், சார் அவர் பீரியட்ல ஒலி நடத்திக்கட்டும்" என்றார். "சத்தம் அப்படிப் பீரியட் பிரிச்சுட்டா வருது? சராசரியையும் இதுலயே நடத்துங்க டீச்சர். கூட நாள் ஆகாது" என்றார் கோமதி டீச்சர். கடைசியில் அப்படித்தான் செய்தார்கள். பிள்ளைகள் வகுப்பறையைக் கட்டம் கட்டமாக வரைந்தார்கள். ஒருவர் முன்னால் நின்று வார்த்தைகளை வாசிக்க, ஒவ்வொரு கட்டத்திலும் உட்கார்ந்து காதில் விழுந்ததை எழுதினார்கள். சராசரி போட்டுக் கட்டங்களுக்கு வண்ணம் தீட்டினார்கள். ஜன்னலில் முட்டை அட்டைகளைக் கட்டிவிட்டு மறுபடி சோதித்தார்கள். ஒரு பயனும் இல்லை. பையன்கள் அட்டைகளைப் பிய்த்தெறியப் போனார்கள். "தோத்ததையும் எழுதுங்க சாமி, அதும் பாடந்தான்" என்று கோமதி டீச்சர் தடுத்தார். பிறகு பட்டறையின் கழிவுப் பஞ்சைச் சாக்கில் அடைத்துத் தைத்துக் கொடுத்தேன். அதை வைத்து ஜன்னலை அடைத்தபோது கொஞ்சம் கேட்டது.

ஒரு நாள், வாசிக்கிறவர் காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு வாசிக்கவேண்டும் என்றார் கோமதி டீச்சர். முதல் நாள் வாயை மறைக்காமல் வாசித்தபோது எல்லாவற்றையும் சரியாக எழுதிய என் பேத்தி தாரணி, அன்றைக்கு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. "அவ மெல்லக் கற்பவருங்க மேடம். அன்னைக்குப் பக்கத்துல பாத்து எழுதியிருப்பா" என்றார் சாந்தி டீச்சர். கோமதி டீச்சர் தாரணிக்கு எதிரில் போய் உட்கார்ந்தார்.

"அம்மிணி, உனக்கு எங்க உக்காந்தா கேக்குது?"

"மூஞ்சி தெரிஞ்சா கேக்குது டீச்சர்."

எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பட்டறைப் பழக்கத்தில் நாங்கள் வீட்டுக்குள்ளும் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவோம், கையைக் காட்டித்தான் கூப்பிடுவோம். அதற்குள் ஒரு பிள்ளைக்குக் காது கேட்காமல் போனால் எப்படித் தெரியும்? அவள் காதில் அடிக்கடி சீழ் வரும். எண்ணெய் விட்டுத் துடைத்துவிடுவோம். சாந்தி டீச்சர் மறுநாளிலிருந்து கரும்பலகையைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். எழுதி முடித்துத் திரும்பி நின்றுதான் பேசினார். அன்றோடு அவர் மேல் இருந்த கோபத்தை முடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே கோமதி டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தாரணியைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், தாமதித்தால் காது போய்விடும் என்றார். என் மகன் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"காதுல மிசினு மாட்டுன புள்ளைய எவன் கட்டுவான்? உங்களுக்குப் புள்ள குட்டி இல்லைங்கிறதுக்காக ஊரான் புள்ளைக்குக் கொறை கண்டுபுடிச்சுட்டுத் திரியாதீங்க."

டீச்சர் முகம் வெளுத்துப்போனது. "சரிங்க தம்பி. கோவத்தை என்மேல வச்சுக்கங்க. புள்ளைய மட்டும் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அதன்பிறகு எங்கள் வாசல்படி ஏறவே இல்லை. எப்போது வந்தாலும் தெருவில் நின்றே தாரணியை விசாரித்துவிட்டுப் போவார். என் மருமகள் புருஷனை எதிர்த்துப் பேசாதவள். நான் கேட்டால், பெண்டாட்டி பிள்ளையோடு தனியாகப் போய்விடுவேன் என்றான்.

தாரணி எட்டாவது போனபிறகு ஒரு தடவை காய்ச்சலும் வலியுமாகத் துடித்தாள். அவன் சொன்னதைக் காதில் வாங்காமல் நானும் கோமதி டீச்சருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் பார்த்துவிட்டு, "போன வருசமே வந்திருந்தா இடது காதையும் காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார். வலது காதுக்கு மெஷின் கொடுத்தார்கள். இடது காது போனது போனதுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் டீச்சர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். "எந்தப் பள்ளிக்கூடம் போனாலும் முதல்ல இருந்து ஆரம்பிக்கிறேன் பழனியக்கா. பாடம் நல்லா வந்த ஊர்ல சாருக்கு மாறுதல் வந்துருது. புதுசா வாரவங்க அதைத் தூக்கிப் பீரோவுக்குள்ள வச்சுடறாங்க. அலுப்பா இருக்குது" என்றார்.

"உட்டுருங்க டீச்சர்."

"உட்டா அந்த எரிமலைதானே வரும்?"

அவர் சொன்னது நிஜம். தறிச் சத்தப் பாடத்தை அதற்கப்புறம் எங்கள் பள்ளியிலும் யாரும் நடத்தவில்லை. சாயத் தண்ணீர்ப் பாடத்தை இனி யார் உட்கார்ந்து அமைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களில் ஒருவர் வந்தால் நாற்காலி போட்டு வைக்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று. பிள்ளைகளிடம் எது தொந்தரவு என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பார். நான் கேட்பவள் இல்லை, சொல்பவள். இந்த வயதில் அதைப் பழகுவது கஷ்டமாக இருக்கிறது. பழகுகிறேன்.

தலைமையாசிரியர் மேல் இருந்த கோபமும் போய்விட்டது. வைத்திருக்கத் தெம்பு இல்லை. சங்ககிரியில் டீச்சருக்கு மாலை போட்டவர்களில் என் மகனும் ஒருவன். அழவும் செய்தான். டீச்சர் இருந்திருந்தால் தோளைத் தட்டி அனுப்பியிருப்பார், அது அவர் குணம். மெஷின் போட்டாலும் முகம் தெரிந்தால்தான் தாரணிக்கு முழுசாகப் புரிகிறது. இன்றைக்கும் அவன் அவளிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசுகிறான். நான் மன்னிக்காத ஆள் ஒருவன்தான். செந்தில்குமார், நான் பெற்ற மகன்.