வருது, வரல

கட்டடம் எழும்புகிற இடங்களில் என் மனைவி எல்லோருக்கும் அக்கா. கொத்தனார் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவருக்கும் அக்காதான். கரண்ட் வேலை பார்க்கிறவர், டைல்ஸ் ஒட்டுகிறவர், கம்பி கட்டுகிறவர்கள், வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு திரிகிற இன்ஜினியர், யாருக்கும் அவள் பெயர் தெரியாது. குழாய் வேலைக்காரி என்பதால் ‘வால்வக்கா’ என்று எவனோ ஆரம்பித்து வைத்தான், ஒட்டிக்கொண்டது. ஒருநாள் கட்டட முதலாளியின் மாமனார் கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தவர், “அக்கா, பாத்ரூம் எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இத்தனை பேர் கூப்பிட்டு என்ன செய்ய? கூப்பிட வேண்டியவன் ஆறு வருடமாகக் கூப்பிடவில்லை. கூடப் பிறந்த தம்பி.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை வண்டி சும்மா நிற்கும். அந்த நேரத்தில் அவளுடைய குழாய்களையும் ஸ்பேனர்களையும் ஏற்றி இறக்குவேன். குழாய் வேலை எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒருத்தியோடு இத்தனை காலம் குடித்தனம் செய்தவனுக்கு அவள் புலம்புவதில் பாதியாவது மண்டையில் ஏறாமலா இருக்கும்?

இப்போது புதிதாகக் கட்டுகிற கட்டடங்களுக்கு இரண்டு தண்ணீர். ஒன்று குடிக்கிற தண்ணீர். இன்னொன்று, நாம் குளித்து, துவைத்துச் சாக்கடைக்கு அனுப்பியது; சுத்தம் செய்து திரும்பி வருகிறது. கக்கூஸுக்கும் செடிகொடிக்கும் அது தாராளமாகப் போதும், வாயில் மட்டும் படக்கூடாது. அதனால் அதற்கு ஊதா நிறக் குழாய். இரண்டும் ஒரே சுவரில் ஏறலாம், நடுவில் இடம் விட வேண்டும். ஒன்றையொன்று குறுக்கே தாண்டினால் குடிநீர் மேலே, ஊதா கீழே. தோட்டத்து ஊதாக் குழாய்க்குக் கைப்பிடி கிடையாது, சாவி போட்டுத்தான் திறக்க முடியும். விளையாடுகிற பிள்ளை வாய் வைத்துவிடக் கூடாதே. இதெல்லாம் கட்டட விதி. எங்கள் வீட்டில் இதுதான் வேதம். ஒருமுறை தெரியாத்தனமாக ஊதா கலரில் ஒரு குடம் வாங்கி வந்துவிட்டேன். “குடிக்கிற தண்ணிய இதுலயா புடிச்சு வச்சிருக்கீங்க? புத்தி இருக்கா உங்களுக்கு?” என்று அவள் போட்ட கூச்சல் பக்கத்து வீடு வரை கேட்டது. அந்தக் குடத்தில் இப்போது செடி வளர்கிறது.

விதிகளிலேயே பெரிய விதி கடைசிச் சோதனை. அடியில் குடிநீர் வால்வை மூடிவிட வேண்டும். ஊதாத் தண்ணீரில் பச்சைச் சாயம் கலந்து ஓடவிட வேண்டும். பிறகு ஒருவர் மாடி மாடியாகப் போய் அடுக்களைக் குழாயைத் திறப்பார். மிச்சத் தண்ணீர் சொட்டி நின்றுவிட்டால் நல்லது. நிற்காமல் பச்சையாக வந்தால் எங்கேயோ இரண்டும் கலந்துவிட்டது என்று அர்த்தம். மாடிக்கு மாடி ஒருவழி வால்வு இருப்பதால் ஒரு மாடியின் தப்பு அந்த மாடியில்தான் தெரியும். ஒன்று விடாமல் திறந்து பார்த்தே ஆக வேண்டும். குழாய்கள் ஏறுகிற இடுக்கை டக்ட் என்பார்கள், அடியிலிருந்து மொட்டைமாடி வரை ஒரே பொந்து. அதற்குள் தலையை விட்டுக் கீழே இருப்பவர் “வருதா?” என்பார். மேலே இருப்பவர் “வரல!” என்பார்.

குழாய் வேலை பார்க்கிறவர்களுக்கு மற்ற நாளெல்லாம் ‘வருது’தான் நல்ல வார்த்தை. சோதனை நாளில் மட்டும் ‘வரல’ என்று கேட்டால்தான் அவர்களுக்கு உயிர் வரும்.

முன்பெல்லாம் அக்கா கீழே, தம்பி மேலே. அம்மா இல்லாத பிள்ளை, இவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். கல்யாணத்தில் எனக்கு வந்த ஒரே சீர் அவன்தான் என்று நான் கேலி செய்வேன். இரண்டு பேரும் ஒன்றாகத் தொழிலில் இறங்கினார்கள். மாடிக்கு ஒரு ராகத்தில் “வரலக்கா... வரலக்கோவ்...” என்று பாடிக்கொண்டே ஏறுவான். கீழே இவள் சிரித்துக்கொண்டே, “ஒழுங்கா சொல்லுடா, எரும” என்பாள்.

ஒரு சாயங்காலம் அவனுக்கு ஏதோ அவசரம். மேல்மாடிக் குழாயைத் திறக்காமலே “வரலக்கா” என்று கத்திவிட்டு இறங்கி ஓடிவிட்டான். மறுநாள் சாவியை ஒப்படைக்கப் போனவள் சும்மா கை கழுவலாமென்று அந்தக் குழாயைத் திறந்தாள். பச்சையாகக் கொட்டியது. ஊதாக் குழாயைக் கழுவுவதற்காகக் குடிநீரிலிருந்து தற்காலிகமாக ஒரு ஹோஸ் மாட்டுவார்கள், வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். அவன் கழற்ற மறந்திருந்தான். யாரும் குடிவரவில்லை. கழற்றி எறிந்துவிட்டு வந்திருந்தால் காக்காய்க்குக்கூடத் தெரிந்திருக்காது. இவள் சோதனைக்குச் சான்று தருகிற குடிநீர் ஆபீஸுக்குப் போன் போட்டுச் சொன்னாள். தம்பியின் குழாய் வேலை லைசென்ஸை ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்தார்கள்.

எங்கள் வீட்டு ஹாலில்தான் சண்டை. “கழட்டிட்டு வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல? நான் உனக்குத் தம்பியா, குழாயா?” என்று குதித்தான்.

“தம்பிதான். வேற எவனாவதா இருந்தா ஒருவேள மூடியிருப்பேனோ என்னவோ.”

“இனிமே எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்ல.” பையை எடுத்தான், போய்விட்டான். இவள் தடுக்கவில்லை. அக்காளுக்கும் தம்பிக்கும் கோபம் மூக்குக்கு மேலே, வம்சமே அப்படி.

அவன் எங்கேயோ வேறு ஊரில் மறுபடி பரீட்சை எழுதித் தேறி, வேலை பார்க்கிறான் என்று மட்டும் தெரியும். எப்போதாவது என் போனுக்கு, ‘மாமா, நல்லா இருக்கேன்’ என்று வரும். அக்காவைப் பற்றி ஒரு எழுத்து இருக்காது. அவளும் கேட்கமாட்டாள். துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “வந்துச்சா?” என்பாள். “வரல” என்பேன். அவ்வளவுதான். மடித்த துணியை உதறி மறுபடி மடிப்பாள். வேலையிடத்தில் எந்த வார்த்தைக்காகக் காது கொடுத்து நிற்பாளோ, அதையே வீட்டில் அவளிடம் சொல்ல எனக்கு வாய் கூசும்.

கதவுக்குப் பின்னால் அவனுடைய மஞ்சள் ஹெல்மெட் இன்னும் தொங்குகிறது. தூசி தட்டுவாள், அதே ஆணியில் மாட்டுவாள். ஒருநாள் மனசு கேட்காமல், “நீரடிச்சு நீர் விலகாதுடி, வருவான்” என்றேன்.

“நீரும் நீரும் சேராம விலக்கி வைக்கிறதுதான் எனக்குப் பொழப்பே. என்கிட்ட வந்து பழமொழி சொல்றீங்க பாருங்க” என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்த் தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் உருட்டினாள். அழுகிறாள் என்று தெரிந்தும் நான் போகவில்லை. போனால் கரண்டி பறக்கும்.

இதற்கிடையில் விதி மாறியது. குழாய் போட்டவர்களே இனிச் சோதனை செய்யக் கூடாது. ஆபீஸிலிருந்து வேறொருவர் வருவார். அவர் குழாய் போட்டவருக்குச் சொந்தமாகவும் இருக்கக் கூடாது.

போன மாதம் அப்படி ஒரு சோதனை. ஐந்து மாடிக் கட்டடம், மாடிக்கு ஒரு வீடு. சாயம் ஊற்றுவது மட்டும் எனக்குக் கொடுத்த உத்தியோகம். வாசலில் சோதனைக்கு ஆபீஸ் அனுப்பிய ஆளின் பைக் வந்து நின்றது. இறங்கியவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். என் கையிலிருந்த சாய டப்பா நழுவிக் காலில் விழுந்தது. அவனேதான். முன்வழுக்கை, கொஞ்சம் தாடி, அதே நடை. அவளைப் பார்த்தேன், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வாங்க, வாங்க. இவங்கதான் குழாய் போட்டது, நம்ம வால்வக்கா” என்றார் இன்ஜினியர்.

“வணக்கம் மேடம்” என்றான் அவன்.

மேடமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்ஜினியர் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கா இருக்கே. சொந்தமா?”

“இல்ல சார்” என்றான். கண்ணிமைக்கவில்லை.

அவள் வால்வு அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். “பாத்தியா உன் ஆசைத் தம்பிய? செருப்பால அடிச்ச மாதிரி சொல்றான். ரெண்டு அறை விட்டாத்தான்...”

“கத்தாதீங்க” என்றாள். முகத்தைப் பார்த்தால் அடி வாங்கியவள் முகமாகவே இல்லை. “ஆமான்னு சொல்லியிருந்தா இந்நேரம் வண்டியத் திருப்பியிருக்கணும். இருக்கணும்னுதான் இல்லைன்னான்.”

“உன் தம்பிய நீதான் மெச்சிக்கணும். சரி, உன்னோட விதி என்னாச்சு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “சொல்லிடறேன். சொல்லாம இருப்பேனா? அஞ்சே அஞ்சு மாடி. அவன் குரல கேட்டுட்டுச் சொல்லிடறேங்க.”

அதற்குமேல் நான் என்ன பேச? சாயத்தை ஊற்றினேன். அவள் வால்வை மூடிவிட்டு டக்டுக்குள் தலையை நுழைத்தாள்.

“ஒண்ணு. வருதா?”

மேலே குழாய் திறக்கிற சத்தம். கொஞ்ச நேரம் சொட்டுகிற சத்தம், பிறகு அதுவும் இல்லை. “வரல.”

வெறும் ‘வரல’. ராகம் இல்லை, பின்னால் எதுவும் ஒட்டவில்லை.

“ரெண்டு. வருதா?”

“வரல.”

மூன்றாவது மாடிக்கு அவள் குரல் கம்மியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தண்ணீரைத்தான் கேட்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். ‘ஒரே ஒரு தடவ சொல்லித் தொலையேன்டா, பாவி’ என்று மேலே பார்த்து மனசுக்குள் திட்டினேன். தானாடாவிட்டாலும் தசை ஆடும் என்பார்கள், இவனுக்குத் தசையே இல்லையா?

“வரல.”

நான்காவது மாடியில் அவளுக்கு வாய் தவறிவிட்டது. “வருதாடா?”

இன்ஜினியர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து, “வரல” என்று மெதுவாகக் கேட்டது.

இன்னும் ஒரே மாடி. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அஞ்சு” என்றாள். ‘வருதா’ என்று கேட்கவே இல்லை.

குழாய் திறந்தது. சொட்டியது. சொட்டுவது நிற்கவில்லை. பிறகு தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் பொந்து முழுக்க இறங்கி வந்தது.

“வருது!” அவன் குரல் உடைந்திருந்தது. “அக்கா, வருதுக்கா! பச்சையா வருதுக்கா!”

கொத்தனாரும் கரண்ட்காரரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஊரே அக்கா என்று கூப்பிடுகிறவளை அவனும் அக்கா என்றதில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவள் வால்வுக்குப் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள்.

“என்னக்கா, கட்டடமே ஃபெயில் ஆயிடுச்சு, சிரிக்கிறீங்க?” என்று இன்ஜினியர் அலறினார்.

எல்லோருமாக ஐந்தாவது மாடிக்கு ஏறினோம். கக்கூஸ் தொட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன ஹோஸ், ஊதாவிலிருந்து குடிநீருக்கு. கழுவுவதற்கு மாட்டியது, கழற்றாமல் விட்டது. அவள் குனிந்து பார்த்தாள். ஹோஸ் முனையில் கம்பி முடிச்சுப் போட்ட விதத்திலேயே யார் வேலை என்று தெரிந்துவிட்டது. “என் கைதான்” என்றாள். தம்பி அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இன்ஜினியர் கதவைச் சாத்தினார். “ஒரு ஹோஸ்தானே? இப்பவே கழட்டிடலாம். நீங்க வரலன்னே எழுதிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?”

“அப்படி ஒரு தடவ சொல்லிட்டேன் சார். ஒரு ஜென்மத்துக்கு அது போதும்” என்றான் அவன்.

“சார், நான் ஒண்ணு சொல்லணும்” என்று அவள் ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இருக்கா” என்று அவன் குறுக்கே பாய்ந்தான். “நானே சொல்றேன். வந்ததுன்னும் நான் எழுத முடியாது, வரலன்னும் எழுத முடியாது. ஆபீஸ்ல சொல்லி வேற ஆளக் கூப்பிடுங்க சார். சொந்தக்காரன் சோதிக்கக் கூடாது. இவங்க எங்க அக்கா.”

இன்ஜினியர் வாயைப் பிளந்தார். “காலையில கேட்டப்ப இல்லைன்னீங்களே?”

அவன் கையிலிருந்த பச்சையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தான்.

“காலையில வாய்ல வரல சார்.”