சிவப்புக் காரின் பூர்வீகம்

மைசூரில் கொஞ்சம் பழசான பொருள் எதுவும் அரண்மனையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். நாற்காலி, கடிகாரம், ஊறுகாய் ஜாடி, எதுவானாலும் சரி. எங்கள் தெருவில் ஒருவர் தன் நாய்க்கே அரண்மனை வம்சம் சொல்வார். அதனால், தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் என் கணவர், கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கயிறு கட்டி இழுத்துவந்து, "அரண்மனை வண்டி. இங்கிலாந்துல செஞ்சது. ஒரிஜினல் கணே!" என்று கன்னடத்தில் 'டீ' போட்டுச் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

வீட்டை ஒட்டியிருந்த ஷெட்டில் நான் தையல் வகுப்பு தொடங்குவதாக இருந்தேன். அதற்காக வாங்கிய மிஷின்கள் படுக்கையறையில் காத்துக் கிடந்தன. அவற்றைத் தாண்டிக் குதித்துத்தான் நாங்கள் படுக்கவே போவோம். அந்த ஷெட்டில் கார் போய்ச் சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

முதலில் வீட்டில் பேச்சு நின்றது. பிறகு சாம்பாரில் உப்பு நின்றது. உப்பு நின்றதும் அவர் சமாதானத்துக்கு வந்தார். வரும் தசராவுக்குள் கார் அசல் என்று அவர் நிரூபித்துவிட்டால் ஷெட் காருக்கு. போலி என்றால் எனக்கு. என் கணவர் ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். எதற்கும் ஆதாரம் தேடுவதில் அவருக்கு அலாதி ஆனந்தம்.

ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் பழைய ஓனர்கள் இருந்த பக்கத்தை எலி தின்றிருந்தது. மிச்சம் இருந்தது டாஷ்போர்டு மட்டுமே. நம்மூரில் வண்டி வாங்குகிறவர் பெட்ரோல் போடுவதற்கு முன் சாமி ஒட்டிவிடுவார். முந்தைய ஓனர் ஒட்டிய சாமியைப் பிய்க்க யாருக்கும் தைரியம் வராது. பக்கத்தில் இடம் தேடித் தன் சாமியை ஒட்டுவார். எங்கள் காரின் டாஷ்போர்டில் சர்வமத மாநாடே நடந்துகொண்டிருந்தது. எது அதிகம் வெளுத்திருக்கிறதோ அதுதான் பழசு என்று என் கணவர் வரிசைப்படுத்தினார்.

பளபளவென்று இருந்த சாமுண்டீஸ்வரி, அவருக்குக் காரை விற்ற தேங்காய் வியாபாரியுடையது. அடுத்த 786, லஷ்கர் மொஹல்லாவில் பட்டறை வைத்திருந்த ஒரு பாயுடையது. "அரண்மனை வண்டிதான் சார். இன்ஜின் மட்டும் நான் மாத்தினேன்," என்றார் பாய். அதற்கடுத்த மாதா படம், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவருடையது. அவரும் அரண்மனை வண்டி என்றுதான் சத்தியம் செய்தார். பக்கத்து சீட்டுக்காரர் மிதிக்க இரண்டாவது பிரேக் வைத்தவர் அவர்தான். அந்தக் காரில் எனக்குப் பிடித்த ஒரே பாகம் அதுதான். அரண்மனை என்று எப்படித் தெரியும் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "வித்தவர் சொன்னாரு."

மிஞ்சியது, முற்றிலும் வெளுத்துப்போன மேல்கோட்டை செல்வப்பிள்ளைப் பெருமாள் படம். யாரோ ஒரு சமஸ்கிருத வாத்தியாரிடமிருந்து வாங்கியதாகக் கார் சொல்லிக்கொடுப்பவருக்கு ஞாபகம் இருந்தது. என் கணவர் எப்படியோ ஓட வைத்துவிட்ட அந்தக் காரிலேயே ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மேல்கோட்டைக்குக் கிளம்பினோம். இடது பக்கக் கதவு இறுகிப்போயிருந்ததால், நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரைவர் பக்கமாக ஏறி, கியரைத் தாண்டி என் சீட்டில் விழுந்தேன். அந்தக் கதவுக்கு என் கணவர் ஊற்றிய தேங்காய் எண்ணெயில் ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருக்கலாம்.

வாத்தியார் வீட்டைக் கண்டுபிடிக்க நாங்கள் சிரமப்படவில்லை. காரின் சத்தம் கேட்டு அவரே தெருவுக்கு ஓடிவந்தார்.

"வாங்கோ, வாங்கோ! இது என் வண்டின்னா! ஏம்ப்பா, இடது கதவு திறக்கறதோ?"

"ஜாம் ஆயிருக்கு மாமா. எண்ணெய் விட்டுட்டே இருக்கேன்."

"அது கதவே இல்லைப்பா. தகரத்துல கீறின கோடு. ஒரு கதவு பண்றதுக்குள்ளயே பஸ் பாடி கட்டறவனுக்குப் பொறுமை போயிடுத்து."

தன் கல்யாணத்துக்கு ஸ்போர்ட்ஸ் காரில்தான் போவேன் என்று வாலிப வயதில் வாத்தியாருக்கு ஒரு பிடிவாதம். காலண்டரில் வந்த ஒரு வெளிநாட்டுக் காரைக் காட்டி, ஒரு பழைய டாக்ஸியின் மேல் அதேபோல் தகரம் அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

"அப்ப அரண்மனை?" என் கணவரின் குரல் கம்மிவிட்டது.

"நான் பொய்யே சொல்லலை. அரண்மனைக்கு எதிர்ல நிறுத்தி ஒரு ஃபோட்டோ எடுத்துண்டேன். விக்கறச்சே அந்த ஃபோட்டோவையும் சேர்த்துக் குடுத்தேன், அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு பொங்கியது. கணவரைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் அந்தக் கீறலை விரலால் தடவிக்கொண்டு நின்றார். ஜெயித்தது நான்தான், ஆனாலும் பாவமாக இருந்தது.

மலையிறங்கும்போது நான் என் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, காரைத் தள்ளி வாசலில் புங்க மரத்தடியில் நிறுத்திவிட்டு ஷெட்டைப் பெருக்கினார். "பேச்சுன்னா பேச்சு கணே," என்றார்.

வகுப்பு தொடங்கிய வாரமே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், மனிதர் காருக்குக் குடை பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நிற்கிறார். தையல் கற்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரவிக்கைப் பாடத்தைத் தள்ளிவைத்தேன். மறுநாள் தார்ப்பாய்த் துணி வாங்கிவந்து, பெண்களைக் காரைச் சுற்றி நிறுத்தினேன். ரவிக்கைக்கு எடுப்பதுபோலவே மார்பளவு, இடுப்பளவு, கழுத்து இறக்கம் என்று டேப்பால் அளந்தார்கள். அன்று சாயங்காலமே உறை தயாராகிவிட்டது. பொருத்திப் பார்க்கும்போது இடுப்பில் கொஞ்சம் பிடித்தது. அதைப் பிரித்துக்கொண்டு நான் தெருவில் குந்தியிருந்தபோது, அந்த வழியாகப் போன ஒரு அம்மாள் நின்று, இந்த வண்டி யாருடையது என்று கன்னடத்தில் கேட்டார்.

"நம்மதே," என்றேன். வாயில் குண்டூசிகள் இருந்ததால் அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியவில்லை.