சிலந்தி சட்டை உரித்த மாலை

எங்கள் வீட்டுச் சிலந்தி என் மனைவியுடையது. உள்ளங்கை அகலம் இருக்கும். பழுப்பு உடம்பு, பின்பக்கம் செம்பட்டை மயிர். பிரேசில் பக்கத்து டாரன்டுலா வகையாம். சிலந்தி வளர்ப்பவர்களிலேயே பலர் இதைப் பார்த்ததில்லை என்பாள். பாயான் பாரு வட்டாரத்து ஃபேக்டரியில் அவளோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி வேலையை விட்டுப் போகும்போது கொடுத்தது.

பயந்த சுபாவம் அதற்கு. பெட்டியைக் கொஞ்சம் வேகமாகத் திறந்தாலே பின்னங்காலால் தன் மயிரைத் தேய்த்துக் காற்றில் பறக்கவிடும். ஒருமுறை அது பட்டு எனக்கு இரண்டு நாள் முழங்கை வரை அரித்தது. அதன்பின் நான் அந்தப் பக்கமே போகவில்லை. தண்ணீர் வைப்பது, வாரம் ஒரு கரப்பான்பூச்சி போடுவது, அடியில் கிடக்கும் தென்னைநார்த் தூளில் ஈரம் பார்ப்பது எல்லாம் அவள் பாடு.

அவளுக்கு டெங்கி வந்தது. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத் தட்டணுக்கள் காலையில் ஒரு கணக்கு, மத்தியானம் அதைவிடக் குறைவு. உதடு வெடித்துக் கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா போன் செய்தார்.

“தம்பி, இன்னிக்கு சாயங்காலம் ஃபிளாட்டுல கொசுப் புகை அடிக்க வராங்களாம். வீட்டைத் திறந்து வைக்கணுமாம் லா.”

அவள் காதிலும் விழுந்துவிட்டது. கண்ணைத் திறந்தாள்.

“புகை பட்டா அது செத்துடுங்க. நீங்க போங்க. ஒரு வாரமா அது சாப்பிடல, சட்டை உரிக்கப் போகுது. மல்லாந்து கிடந்தா செத்துடுச்சுன்னு நெனச்சுத் திருப்பிடாதீங்க.”

“உன்னை இப்படி விட்டுட்டா?”

“போங்கன்னா போங்க.”

போனேன். சிலந்தி மல்லாந்துதான் கிடந்தது. மார்புக்கூடு பிளந்து, உள்ளிருந்து வெளுத்த கால்கள் மெல்ல மெல்ல இழுபட்டுக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஆட்டினால் கால் முறிந்துபோகும் என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். கீழே புகை இயந்திரம் உறும ஆரம்பித்தது.

படியில் ஏறி வந்த சுகாதார அதிகாரியிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். “இந்த ஒரு வீட்டை மட்டும் நாளைக்கு அடிங்க, அண்ணே.”

“உங்க வீட்டுலதான் கேஸே. இதை எப்படி விடுறது? கீழ சின்னப் பிள்ளைங்க இருக்காங்க.”

அவர் சொன்னது நியாயம். பெட்டியை அப்படியே ஒரு தட்டில் ஏற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஐந்து மாடி இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் நின்றேன். மருந்து வாடை பின்னாலேயே வந்தது. கார் நிறுத்தும் இடத்தின் கடைக்கோடி மரத்தடியில் பெட்டியை வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தேன்.

பையைத் தடவிப் பார்த்தபோதுதான் போன் மேலே சமையலறையில் சார்ஜில் கிடப்பது உறைத்தது. மேலே போகலாமென்றால் வீடெல்லாம் புகை. புகை அடங்கிய பிறகு, சிலந்தியை விட்டுப் போக முடியவில்லை. தெருப்பூனை ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு கால் மட்டும் பழைய தோலுக்குள் மாட்டிக்கொண்டு வரவில்லை. நான் எதற்காக அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை. “வந்துரு, வந்துரு” என்று அந்தப் பூச்சியிடம் கெஞ்சினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் அந்தக் கால் முறிந்து தோலோடு தங்கிவிட்டது. ஏழு காலோடு, பால் நிறப் பற்களோடு, ஈரத்துணி போலக் கிடந்தது சிலந்தி.

அப்போதுதான் வந்து காரை நிறுத்திய எதிர்வீட்டு அக்காவின் தம்பியிடம் பெட்டியைக் கொடுத்து, அவர் காரிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மேலே ஓடினேன். போனில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு அழைப்புகள். ரத்த அழுத்தம் இறங்கி அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கையெழுத்துப் போடக்கூட ஆள் இல்லை.

எப்படிக் கார் ஓட்டினேனோ தெரியாது. இரண்டு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவள் செத்திருந்தால் அந்தச் சிலந்தியை மிதித்துக் கொன்றிருப்பேன். அதை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

பிழைத்துக்கொண்டாள். வார்டுக்கு மாற்றிய அன்று முதலில் கேட்டது இதுதான்: “முழிச்சுப் பார்த்தேன், சுத்தி யாரோ யாரோ நின்னாங்க. நீங்க எங்க போனீங்க?”

“நீதானே போகச் சொன்ன? உன் சிலந்தியைக் காப்பாத்த.”

“நானா? நான் சொல்லவே இல்லீங்க.” நிஜமாகவே அவளுக்கு நினைவில்லை. காய்ச்சல் துடைத்துக்கொண்டு போயிருந்தது. “ஒரு பூச்சிக்காகவா என்னை விட்டுட்டுப் போனீங்க?”

அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். மத்தியானக் கஞ்சி வந்தபோதும் திரும்பவில்லை.