வீட்டுக்காரர் கொண்டுபோன கிண்ணம்

நர்ஸ் இசபெல் வாடகை வீட்டில் மாட்டுக்கறி ஆக்குகிறாள் என்று 1961இல் ஏழாயிரம்பண்ணை முழுக்கப் பேச்சு. விசாரித்தால், உண்மைதான். மலிவாகக் கிடைக்கும் கொத்துக்கறி ஒரு கைப்பிடி. அது அவளுடைய நாலு பிள்ளைகளுக்கும் எட்ட, ஒரு படி வெங்காயம் வதக்கிய குழம்பு.

இதே குற்றத்துக்காக ஏற்கெனவே இரண்டு வீடுகளைக் காலி செய்தவள். மூன்றாவது வீட்டுக்காரர் சீனிச்சாமி சோதனைக்கு வந்து நின்றதும், பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.

"இருங்க நர்சம்மா. என்ன குளம்பு?"

"மாட்டுக்கறி, அண்ணாச்சி."

"அம்புட்டும் வெங்காய வாசம்! ஏன் பொய் சொல்லுதீக?" குரலைத் தாழ்த்தினார். "ஒரு கிண்ணத்துல ஊத்துங்க. வீட்ல வச்சு விசாரிக்கேன்."

துண்டில் மூடிக் கொண்டுபோனவர், வெறும் வெங்காயக் குழம்புதான் என்று ஊருக்குத் தீர்ப்புச் சொன்னார். இசபெலுக்குச் சிரிப்பும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. பாயை மறுபடி விரித்தாள்.

அடுத்த ஞாயிறு மறுவிசாரணைக்குத் தூக்குவாளியோடு வந்தார். போன வாரக் கிண்ணம்தான் இன்னும் வரவில்லை.