தத்துவ அலமாரியில் ஓர் இயற்பியல் புத்தகம்

தனமும் மகன் மாறனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, புத்தகங்களுக்குத் தூசி தட்டியது. செங்கம் சாலையில் அவள் வாடகைக்கு விட்ட அறைகளில், ஆன்மிகம் தேடி உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து தங்கியவர்கள் விட்டுப்போன புத்தகங்கள். அவற்றை முன்னறையில் அடுக்கி, கேட்பவர்களுக்குப் படிக்கக் கொடுத்துவந்தாள். மாறன் சென்னையில் பம்பு நிறுவனமொன்றில் பொறியாளன், விடுமுறைக்கு வந்திருந்தான்.

வேதாந்த நூல்களுக்கு நடுவிலிருந்து ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தை உருவினான்.

"இது இங்க என்னம்மா பண்ணுது? உள்ள பூரா நெம்புகோல், நீராவி. பிசிக்ஸ் இது."

"அட்டைல நேச்சுரல் ஃபிலாசஃபினு போட்டிருக்குல்ல? தத்துவம்னு வெச்சேன்."

"அந்தக் காலத்துல இயற்கைய ஆராயறதுக்கே அதான் பேரு. கல்லு ஏன் விழுது, நிலா ஏன் தேயுது, எல்லாம் அதுலதான். சயின்டிஸ்ட்டுங்கிற வார்த்தையே ஆயிரத்து எண்ணூத்தி முப்பதுக்கு மேலதான் வந்துது."

"அதுக்கு முன்னாடி அவங்களுக்கு என்ன பேரு?"

"இயற்கைத் தத்துவவாதிங்க."

"அப்ப நான் வெச்சது கரெக்ட்தானே?"

"அப்ப கரெக்ட். இப்ப தப்பு."

"புக்கு அப்பப் போட்டதுதானடா!"

மாறன் சிரித்துவிட்டான்.

தனம் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை பயிரிட்ட வீட்டுப் பெண். படிப்பு பள்ளியோடு நின்றது. ஆங்கிலம், வாடகைக்கு வந்தவர்களோடு பேசிப் பழகியது. முன்பு ஒருமுறை அந்தப் புத்தகத்தை ஆசையாக எடுத்துப்போன ஒருவர் மறுநாளே திருப்பிக் கொடுத்தார்.

"ஆன்மாவைப் பத்தி ஒண்ணுமே இல்லீங்க. பம்பு எப்படித் தண்ணி இழுக்குதுனு இருக்கு."

"அது தெரியாமலா இத்தனை நாள் குளிச்சீங்க?" என்றாள் தனம்.

அறிவியல் பக்கம் மாற்றிவிட்டால், முக்தி தேடி வருகிறவர்கள் யாரும் அதைத் தொடமாட்டார்கள் என்பதுதான் அவள் கவலை. அன்று அவளே வழி சொன்னாள்: தத்துவம், அறிவியல் அலமாரிகள் இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு பலகை; இரண்டும் ஒன்றாக இருந்த காலத்துப் புத்தகங்கள் அதில். மாறன் அளந்தான். வேங்கிக்காலில் இருக்கும் தச்சர் தருமனுக்கு அவள் போனில் அளவைச் சொன்னாள்.

அந்த வாரமே தனத்துக்கு மாரடைப்பு.

காரியம் முடிந்த பிறகு ஒரு காலையில் அவளுடைய போன் அடித்தது.

"எம்மா, பலகைய இழைச்சு வெச்சிட்டேன். வந்து எடுத்துக்கிறேன்னீங்க, ஆளையே காணோம்?"

மாறன் விஷயத்தைச் சொன்னான். எதிர்முனையில் யாரோ மரம் அறுத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"இருக்கட்டும் தம்பி. பத்திரமா இருக்கும்," என்றார் தருமன்.

பலகை இன்னும் வேங்கிக்காலில்தான் இருக்கிறது.