அம்மா படுத்துப் பார்த்த கூரை

கடலோர மணல்மேடுகளுக்கு நடுவில் வரிசையாக நிற்கும் மரவீடுகளில், விடுமுறைக்கு வந்து போகிறவர்களுக்காகக் கூட்டித் துடைத்துப் படுக்கை விரிப்பதுதான் என் அம்மாவின் வேலை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து விரித்துக்கொண்டே இருக்கிறாள். ஒருநாளும் அதில் உட்கார்ந்ததுகூட இல்லை. அதனால்தான் இந்த வருஷம் என் சம்பளத்தில் அங்கேயே சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கு ஒரு வீடு எடுத்தேன்.

அம்மா எரிந்து விழுந்தாள். "லீவுக்குப் போக உனக்கு வேற இடமே கிடைக்கலையாடி?"

வந்த பிறகாவது சும்மா இருந்தாளா? காலில் ஒட்டிய மணலை உதறாமல் உள்ளே வரக்கூடாது என்று என்னை வாசலிலேயே நிறுத்தினாள். ஜன்னலோரமாக மேனேஜர் நடந்துபோனால் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. தோளைப் பிடித்துக் கட்டிலில் சாய்த்து, "பேசாம படும்மா!" என்றேன்.

படுத்தாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"மேல பாரேன்."

உத்தரத்துக்கு அந்தப் பக்கம் இவ்வளவு பெரிய ஒட்டடை தொங்கியது.

"நின்னு பார்த்தா தெரியவே இல்லடி. வந்தவங்க எல்லாரும் இதைப் பார்த்துக்கிட்டேதான் தூங்கியிருக்காங்க. என்னை என்ன திட்டு திட்டினாங்களோ!"

நான் துடைப்பம் எடுக்க எழுந்தேன். அம்மா கையைப் பிடித்து இழுத்து என்னைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள்.

"விடுடி. கூட்டுற அம்மா திங்கக்கிழமை வருவாங்க."